எழுத்து மாறவில்லை, கட்டு மாறியது: இரைப்பைப் புற்றுநோயும் குரோமாட்டின் புரதங்களும்

1

போன மாதம் ஒரு தோழர் வந்திருந்தார். அவருடைய அத்தை இரைப்பைப் புற்றுநோயில் இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வந்தவர். கூட்டம், இதழ்ச் சந்தா என்று எதையெதையோ பேசிவிட்டு, கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார்: "தோழர், டாக்டர் இது ஜீன் சம்பந்தப்பட்டதுன்னு சொல்றார். ஊர்ல என்னடான்னா, காலமெல்லாம் கருவாடும் ஊறுகாயுமா தின்னா வராம என்ன பண்ணும்னு பேசறாங்க. எதுதான் நிஜம்? எம் பொண்ணுக்கும் வருமா?"

கேள்வியில் இரண்டு விடைகள் ஏற்கனவே உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று விதி, மற்றொன்று குற்றம். ஜீன் என்றால் விதி, எழுதினது எழுதினதுதான். சாப்பாடு என்றால் குற்றம்; செத்துப்போனவள் தலையிலேயே பழி. மேலோட்டமாகப் பார்த்தால் இவை எதிரெதிரானவை. ஆனால் இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். நோயை ஒரு உடம்புக்குள், அல்லது ஒரு அடுப்படிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வெளியே இருக்கிற தண்ணீர்க் குழாயையும் கூலியையும் ஆஸ்பத்திரியையும் கேள்விக்கு அப்பாற்பட்டவையாக ஆக்கிவிடுகின்றன.

இந்த இரட்டை எதிர்நிலையைக் கடந்த முப்பது ஆண்டுகால உயிரியல் உள்ளேயிருந்தே குலைத்திருக்கிறது. அது குலைந்த இடத்தின் பெயர் குரோமாட்டின். நம் இதழ்களில் பிரதி, வாசிப்பு, நினைவு, அதிகாரம் என்றெல்லாம் நிறையவே எழுதிவிட்டோம். உடம்புக்குள்ளும் இந்தச் சொற்களை விஞ்ஞானிகள் புழங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எது சரக்கு, எது வெறும் உருவகம் என்று பிரித்துப் பார்ப்பது நமக்கும் அவசியமான காரியம்தான். விஞ்ஞானம் படிக்காதவர்களும் பின்தொடர முடிகிற மாதிரி சொல்ல முயல்கிறேன்.

2

ஒரு செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை எடுத்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது அடங்கிக் கிடக்கும் உட்கருவோ, ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூடத் தேறாது. இவ்வளவு நீளத்தை அவ்வளவு சின்ன இடத்தில் வைக்க வேண்டுமானால் சுருட்டத்தான் வேண்டும். சுருட்டுவதற்கு அச்சாக இருப்பவை ஹிஸ்டோன் எனும் புரதங்கள். ஆல்பிரெக்ட் காஸல் இவற்றை 1884இலேயே பிரித்தெடுத்துவிட்டார். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்து ஓர் உருளை, அதன்மேல் டி.என்.ஏ. சுற்றியிருக்கிறது என்ற அமைப்பு மட்டும் ரோஜர் கோர்ன்பெர்க் முதலியோரால் 1974இல்தான் தெளிவானது. ஓர் உருளைமேல் சுமார் 147 எழுத்து நீளம்; கொஞ்சம் இடைவெளி; பிறகு அடுத்த உருளை. மணிமாலை மாதிரி. இந்த மாலையும் இதைப் பற்றிக்கொண்டிருக்கும் மற்றப் புரதங்களும் சேர்ந்த மொத்தம்தான் குரோமாட்டின். 1880 வாக்கில் வால்தர் ஃபிளெமிங் வைத்த பெயர். சாயம் ஏற்றினால் நிறம் பிடிக்கிற பொருள் என்பதற்குமேல் அதில் அர்த்தம் ஒன்றும் கிடையாது.

நெடுங்காலம் இதை வெறும் மூட்டை கட்டுகிற சாமான் என்றுதான் நினைத்தார்கள். சரக்கு டி.என்.ஏ., சாக்கு ஹிஸ்டோன். சாக்கைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. கண் செல்லிலும் ஈரல் செல்லிலும் இரைப்பைச் செல்லிலும் உள்ள டி.என்.ஏ. ஒன்றேதான். அப்படியிருக்க ஒன்று பார்க்கிறது, ஒன்று அமிலம் சுரக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

ஏட்டுச்சுவடிகளை நினைத்துக்கொள்ளலாம். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்து இறுக்கிக் கட்டியிருப்பார்கள். கட்டு அவிழாதவரை உள்ளே என்ன எழுதியிருந்தாலும் அது இல்லாத மாதிரிதான். ஒவ்வொரு செல்லிலும் முழுச் சுவடியும் இருக்கிறது. எந்தப் பகுதி அவிழ்ந்து கிடக்கிறது, எந்தப் பகுதி இறுக்கிக் கட்டியிருக்கிறது என்பதில்தான் கண்ணும் ஈரலும் வேறுபடுகின்றன.

கட்டுவதும் அவிழ்ப்பதும் எப்படி? ஹிஸ்டோன்களுக்கு வால்கள் உண்டு. உருளையிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்களில் சின்னச் சின்ன ரசாயனக் குறிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. அசிடைல் என்றொரு குறி ஏறினால் கட்டு தளரும். மெத்தில் என்றொரு குறி, அது ஏறும் இடத்தைப் பொறுத்து, கட்டை இறுக்கவும் செய்யும், தளர்த்தவும் செய்யும். டி.என்.ஏ. மேலேயே மெத்தில் ஏறுவதும் உண்டு. மரபணுவின் வாசற்பகுதியில் அது குவிந்தால் பெரும்பாலும் அந்த மரபணு ஊமையாகிவிடும். அசிடைல் குறிக்கும் மரபணு பேசுவதற்கும் தொடர்பு உண்டு என்று வின்சென்ட் ஆல்ஃப்ரி 1964இலேயே சொன்னார். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1996இல் டேவிட் ஆலிஸ் குழு அந்தக் குறியை ஏற்றும் நொதியையும், ஸ்டூவர்ட் ஷ்ரைபர் குழு அதை இறக்கும் நொதியையும் அடையாளம் கண்ட பிறகுதான் சாக்கின் மதிப்பு சரக்கின் மதிப்புக்கு உயர்ந்தது.

3

இந்தத் துறையில் புழங்கும் சொற்களைக் கேட்டால் நம் ஆட்களுக்குச் சிரிப்பு வரும். குறியை ஏற்றும் புரதத்துக்கு 'எழுதுபவர்', அழிக்கும் புரதத்துக்கு 'அழிப்பவர்', குறியைப் பற்றிக்கொள்ளும் புரதத்துக்கு 'வாசகர்'. 2000இல் ஆலிஸும் பிரையன் ஸ்ட்ராலும் 'ஹிஸ்டோன் சங்கேதம்' என்றே ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள். சங்கேத எழுத்து என்ற உருவகத்தை இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1944இலேயே உயிரியலுக்குள் கொண்டுவந்துவிட்டார். மொழியியலிலிருந்து கடன் வாங்கிய சொல், இப்போது உயிரியலின் சொந்தச் சொத்தாகிவிட்டது.

கடன் வாங்குவதில் தப்பில்லை. ஆனால் வாசகர் என்று சொன்னதும், யாரோ ஒருவர் உட்கார்ந்து அர்த்தம் புரிந்துகொண்டு முடிவெடுப்பது போன்ற மயக்கம் வந்துவிடுகிறது. அங்கே அப்படி யாரும் இல்லை. டி.என்.ஏ.வுக்கு எதிர்மின் தன்மை, ஹிஸ்டோன் வாலுக்கு நேர்மின் தன்மை, அதனால் ஒட்டிக்கொள்கின்றன. அசிடைல் ஏறினால் வாலின் நேர்மின் குறைகிறது; பிடி தளர்கிறது. புரோமோடொமைன் என்றொரு மடிப்பு சில புரதங்களில் உண்டு; அதிலுள்ள குழியில் அசிடைல் ஏறிய வால் போய்ப் பொருந்தும் என்று 1999இல் காட்டப்பட்டது. பொருந்துகிறது, அவ்வளவுதான். பூட்டில் சாவி பொருந்துவதற்கும் வாசிப்புக்கும் என்ன சம்பந்தம்?

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. குரோமாட்டினின் மிக இறுகிய பகுதியைக் கட்டிக்காக்கும் ஹெச்.பி.1 என்ற புரதம் அங்கே சிமெண்டு பூசின மாதிரி நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் என்றே நம்பினார்கள். 2003இல் உயிருள்ள செல்லில் அதை ஒளிரவைத்துப் பார்த்தார்கள். ஒரு தனி மூலக்கூறு அங்கே தங்குவது சில விநாடிகள்தான், மிஞ்சினால் நிமிடங்கள். வந்து பற்றுகிறது, விட்டுப் போகிறது, வேறொன்று வந்து பற்றுகிறது. பூட்டிக் கிடப்பதாகத் தோன்றுவது உண்மையில் ஓயாமல் மறுபடி மறுபடி பூட்டப்படுவதுதான். மௌனம் என்பது ஒரு நிலை அல்ல, விடாமல் செய்யப்படும் ஒரு வேலை. இதை அரசியல் உவமையாக இழுத்துக்கொண்டு ஓட ஆசை வரும். வேண்டாம், செல்லுக்குள்ளேயே இதற்குப் பெரிய விளைவு இருக்கிறது. வேலை என்றால் அதைத் தடுக்கலாம், கெடுக்கலாம், இடம் மாற்றலாம். மருந்தும் அதைத்தான் செய்யப் பார்க்கிறது. புற்றுநோயும் அதைத்தான் செய்கிறது.

4

இனி இரைப்பைக்கு வருவோம். 2022 கணக்குப்படி உலகில் ஒரே ஆண்டில் ஏறக்குறைய 9.7 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, சுமார் 6.6 லட்சம் பேர் இறந்தார்கள். பெரும்பகுதி கிழக்காசியாவில். இந்தியாவில் மொத்தத்தில் குறைவுதான் என்றாலும் மிசோரமில் மிக அதிகம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டிலும் ஆண்களிடையே இது பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்தது.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் இரைப்பையில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். ஹெலிகோபேக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியும் தங்காது என்பது அன்றைய வேதவாக்கு. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றழற்சியை வரவழைத்துக்கொண்டார். 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று முதல் வகையில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், நெருக்கடியான வீட்டில், ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது; சுத்தமில்லாத தண்ணீரும் துணை. மருந்து கொடுக்காவிட்டால் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். பிறகு நடப்பதைக் கொலம்பியாவில் வேலை செய்த பெலாயோ கொரயா 1975இல் படிப்படியாக விவரித்தார். நாள்பட்ட அழற்சி, சுரப்பிகள் தேய்வு, இரைப்பைச் செல்கள் குடல் செல்களாக உருமாறுதல், ஒழுங்கு குலைதல், கடைசியில் புற்று. இது பல பத்தாண்டுகள் எடுக்கும். பாதையில் காலெடுத்து வைத்தவர்களில் பெரும்பாலோர் கடைசிப்படிவரை போவதில்லை. இந்தியாவில் கோடிக்கணக்கானோரிடம் கிருமி இருந்தும் நோய் அந்த அளவில் இல்லை. ஆகவே கிருமி மட்டுமே காரணம் அல்ல. உப்பிட்ட, புகையிட்ட உணவு, புகையிலை எல்லாம் சேர்கின்றன. மிசோரமில் புகையிலைப் புகையைத் தண்ணீரில் இறக்கி வாயில் வைத்துக்கொள்ளும் துய்பூர் என்ற பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 2005இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

மேலே சொன்ன மூன்றாவது படியை நிதானித்துப் பார்க்க வேண்டும். இரைப்பைச் செல், குடல் செல் ஆகிவிடுகிறது. டி.என்.ஏ. அதேதான். குடலில் மட்டும் பேச வேண்டிய சி.டி.எக்ஸ்.2 என்ற மரபணு இரைப்பையில் பேசத் தொடங்குகிறது. எலியின் இரைப்பையில் இதைப் பேசவைத்தால் போதும், குடல் மாதிரித் திசு வந்துவிடுகிறது என்று 2002இல் காட்டினார்கள். எழுத்து மாறவில்லை, கட்டு மாறியது என்று தலைப்பிட்டது இதைத்தான்.

இதோடு ஒரு புதிரும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இரைப்பையின் உள்மேற்பரப்புச் செல்கள் சில நாட்களிலேயே செத்து உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அப்படியானால், மருந்து கொடுத்துக் கிருமியை ஒழித்த பிறகு ஒரு மாதத்தில் எல்லாம் துடைத்துவிட்டாற்போல் ஆகியிருக்க வேண்டுமே? ஆவதில்லை. அபாயம் குறைகிறது, ஆனால் பூஜ்யமாவதில்லை. உதிர்ந்துபோகும் தோலில் தழும்பு எங்கே தங்குகிறது?

5

ஜப்பானில் டோஷிகாசு உஷிஜிமா குழு 2006இல் ஒரு விடை தந்தது. புற்றுநோய் இல்லாத சாதாரண ஆட்களின் இரைப்பைத் திசுவை எடுத்துப் பார்த்தார்கள். கிருமி உள்ளவர்களிடம், ஆராய்ந்த மரபணுப் பகுதிகளில் டி.என்.ஏ. மெத்தில் குறி ஐந்து மடங்கிலிருந்து முந்நூறு மடங்குவரை கூடியிருந்தது. அதாவது கட்டி வருவதற்கு வெகு முன்பே, நல்லதாகத் தெரிகிற வயல் முழுக்க மண் மாறிவிட்டது. 2010இல் ஜெர்பில் எனும் எலியினத்தில் அடுத்த படியைக் காட்டினார்கள். கிருமியை அப்படியே விட்டுவிட்டு, அழற்சியை மட்டும் மருந்தால் அடக்கினால் மெத்தில் ஏறுவதும் அடங்கிவிடுகிறது. ஆகக் குறியை ஏற்றவைப்பது கிருமி அல்ல, கிருமிக்கு எதிராக உடம்பு வருஷக்கணக்கில் நடத்தும் யுத்தம்.

இந்தக் குறியை நினைவாக மாற்றுவதில்தான் குரோமாட்டினைப் பற்றும் புரதங்களின் பங்கு. நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நகல் பார்ப்பது. செல் பிரியும்போது டி.என்.ஏ. இரட்டிக்கிறது. பழைய இழையில் மெத்தில் இருக்கும், புது இழையில் இருக்காது. யூ.ஹெச்.ஆர்.எஃப்.1 என்ற புரதம் இந்த அரைகுறை நிலையைப் பற்றிக்கொண்டு, மெத்தில் ஏற்றும் நொதியை அங்கே வரவழைக்கிறது. 2007இல் தெளிவானது இது. சுரப்பிக்குள் ஆழத்தில் தாய்ச்செல்கள் இருக்கின்றன. மேற்பரப்பு உதிரும், தாய்ச்செல் தங்கும். அதன் குரோமாட்டினில் ஏறிய குறி, பிறக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் நகலாகிறது. தழும்பு தங்கும் இடம் இதுதான்.

இரண்டாவது, இறுக்குவது. ஈ.இசட்.ஹெச்.2 என்ற புரதம் ஹிஸ்டோன் மூன்றின் வாலில் 27ஆம் இடத்தில் மெத்தில் ஏற்றி மரபணுக்களை ஊமையாக்குகிறது என்று 2002இல் கண்டார்கள். அதன் கூட்டாளிப் புரதம் ஏறிய குறியையே பற்றிக்கொண்டு பக்கத்திலும் ஏற்ற உதவுகிறது, குறி பரவுகிறது. கருவில் உறுப்புகள் உருவாக இது அத்தியாவசியம். இரைப்பைப் புற்றில் இதன் அளவு கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. செல் பெருக்கத்துக்குக் கடிவாளம் போடும் மரபணுக்களும் அப்போது வாயடைக்கப்படுகின்றன.

மூன்றாவது, நகர்த்துவது. ஸ்விச்-ஸ்னிஃப் என்ற பெரிய புரதக் கூட்டம் ஆற்றலைச் செலவழித்து உருளைகளைத் தள்ளி நகர்த்தி வழிவிடும். ஈ.இசட்.ஹெச்.2 இறுக்குவதை இது தளர்த்தும். இரண்டுக்கும் இடையே ஓயாத இழுபறி. இந்தக் கூட்டத்தின் ஓர் உறுப்பினர் அரிட்1ஏ. 2011இல் ஹாங்காங்கிலும் 2012இல் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகள், இரைப்பைப் புற்றில் அரிட்1ஏ மரபணு அடிக்கடி உடைந்திருப்பதைக் கண்டன. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத்தும் மாறுகிறது. ஆனால் எந்த எழுத்து? கட்டவும் அவிழ்க்கவும் செய்கிற புரதத்துக்கான எழுத்து. ஓலையில் ஒரு வரி சிதைந்ததால் சுவடி முழுக்கக் கட்டவிழ்ப்பதில் தடுமாற்றம். எழுத்து ஒரு பக்கம், கட்டு ஒரு பக்கம் என்று நான் இதுவரை பிரித்துப் பேசியது விளக்க வசதிக்காகத்தான். செல்லுக்குள் அப்படிக் கோடு கிடையாது.

நான்காவது, பேசவைப்பது. பி.ஆர்.டி.4 அசிடைல் ஏறிய இடங்களைப் பற்றிக்கொண்டு மரபணுக்களைப் பேசத் தூண்டுகிறது. மிக் போன்ற வளர்ச்சி மரபணுக்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும் புற்றுகளில் இதன் கை இருக்கிறது.

இவற்றில் ஒன்றையும் வில்லன் என்று சொல்ல முடியாது. நான்கும் இல்லாமல் நாம் ஒரு உடம்பாகவே ஆகியிருக்க மாட்டோம். காயத்தை நினைவில் வைப்பதும், ஈரல் ஈரலாகவே இருப்பதும் ஒரே ஏற்பாட்டால்தான் நடக்கின்றன. 2014இல் அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத்தொகுதித் திட்டம் 295 இரைப்பைக் கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தது. அதில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் சம்பந்தப்பட்ட வகை சுமார் 9 சதவீதம். அத்திட்டம் அதுவரை பார்த்திருந்த எந்தப் புற்றையும்விட அதில் மெத்தில் குவிந்திருந்தது. அரிட்1ஏ உடைவும் அந்த வகையில் அதிகம். ஆக, இரைப்பைப் புற்று என்ற ஒற்றைப் பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன.

6

விதி என்ற சொல்லாடலுக்கு மிகவும் தோதானது பரம்பரையாக வரும் இரைப்பைப் புற்று. அதையே பரீட்சித்துப் பார்ப்போம்.

நியூசிலாந்தில் ஒரு மாவோரிப் பெருங்குடும்பம். முப்பது ஆண்டுகளில் 25 பேருக்கு மேல் இந்நோயில் பறிகொடுத்தார்கள்; இளையவருக்கு வயது 14. சாபம் என்றுகூடப் பேச்சு இருந்தது. 1990களின் நடுவில் அந்தக் குடும்பமே ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்களை நாடியது. வம்சாவளி அறிவு அவர்களுடையது, ஆய்வுக்கூடம் பல்கலைக்கழகத்தினுடையது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் என்று சொல்வதைவிட ஆய்வைத் தொடங்கி வைத்தவர்கள் என்பதே பொருத்தம். 1998இல் பாரி கில்ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் விடையை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். சி.டி.ஹெச்.1 என்ற மரபணுவில் பிழை. அது உருவாக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம், செல்கள் பக்கத்துச் செல்லோடு கைகோத்து நிற்க உதவுவது. அது இல்லாவிட்டால் செல்கள் தனித்தனியாக இரைப்பைச் சுவருக்குள் சிதறிப் பரவும்; கட்டியாகத் திரண்டு நிற்காததால் எண்டோஸ்கோபியிலும் ஆரம்பத்தில் தப்பிவிடும்.

இதைத்தான் விதி என்போம். ஆனால் ஒவ்வொருவரிடமும் இந்த மரபணு இரண்டு பிரதி உண்டு. பரம்பரையாக வருவது ஒரு பிரதியில் பிழை. இன்னொன்று நன்றாக இருக்கும்வரை செல் சமாளிக்கும். இரண்டாவது எப்படிப் போகிறது? 2000இல் வந்த ஆய்வு, பல கட்டிகளில் இரண்டாவது பிரதியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அதன் வாசலில் மெத்தில் குவிந்து ஊமையாகியிருக்கிறது என்று காட்டியது. இப்படி மெத்தில் ஏறிய டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு கட்டை மேலும் இறுக்கவென்றே தனிப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றான மெக்-பி2வை ஏட்ரியன் பேர்ட் குழு 1992இல் கண்டறிந்திருந்தது. அதாவது 'பரம்பரை' நோயிலும் கடைசிக் கதவைச் சாத்துவது பல வேளைகளில் குரோமாட்டின்தான்.

இந்தப் பிழையோடு பிறந்தவர்களுக்கு ஆயுளில் நோய் வரும் வாய்ப்பு ஆண்களில் 70 சதவீதம், பெண்களில் 56 சதவீதம் என்று 2015இல் கணித்தார்கள். நோய் குவிந்த குடும்பங்களை மட்டுமே பார்த்ததால் வந்த கணக்கு அது. பரந்த அளவில் பார்த்த 2019 ஆய்வில் அது 42, 33 என்று இறங்கியது. குறைவு என்று சொல்லவில்லை. இரைப்பையையே முன்கூட்டி எடுத்துவிடலாமா என்று யோசிக்க வைக்கிற அளவுக்குப் பெரிய எண்தான் அது. ஆனால் நூறு அல்ல. அந்த இடைவெளியில்தான் வாழ்க்கை இருக்கிறது.

7

உடனே சிலர் மறுகோடிக்குப் போய்விடுவார்கள். குறி என்றால் அழிக்கலாமே, ஆகவே ஜீன் ஒன்றுமில்லை, நல்ல எண்ணமும் நல்ல உணவும் இருந்தால் எல்லாவற்றையும் மாற்றி எழுதிவிடலாம் என்று புத்தகம் விற்கிறார்கள். இது விதியைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குற்றத்தை இரட்டிப்பாக்குகிற வேலை. மாற்றி எழுதாமல் போனது உன் தப்பு என்றாகிவிடும்.

நிலவரம் என்ன? கிருமியை ஒழித்தால் சி.டி.ஹெச்.1 வாசலில் ஏறிய மெத்தில் இறங்குவதை 2006இல் ஹாங்காங் ஆய்வு காட்டியது. நல்ல செய்தி. ஆனால் எல்லா இடத்திலும் முழுக்க இறங்குவதில்லை. ஒரு தடவை இரைப்பைப் புற்றுக்குச் சிகிச்சை பெற்று, கிருமியும் ஒழிந்தவர்களை ஜப்பானில் தொடர்ந்து கவனித்தார்கள். திசுவில் மெத்தில் அதிகம் தங்கியிருந்தவர்களுக்கே இரண்டாவது புற்று அதிகம் வந்தது என்று 2015இல் தெரியவந்தது. நினைவு சீக்கிரம் பிடிபட்டால் மங்கும், ஊறிப்போனால் தங்கும்.

மருந்துகள்? பி.ஆர்.டி.4இன் குழியை அடைக்கும் ஜே.க்யூ.1 என்ற மூலக்கூறை 2010இல் பாஸ்டனில் ஜேம்ஸ் பிராட்னர் குழு வெளியிட்டது. வழக்கத்துக்கு மாறாக அதன் அமைப்பைப் பகிரங்கமாக்கி, கேட்ட ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் அனுப்பியும் வைத்தார்கள். அறிவு பொதுச்சொத்தாக இருந்தால் எவ்வளவு வேகமாக நகரும் என்பதற்கு அது சாட்சி. பிற்பாடு அந்த வழியிலும் கம்பெனிகள் வந்து சேர்ந்தன என்பதும் நிஜம். ஈ.இசட்.ஹெச்.2ஐத் தடுக்கும் மருந்துக்கு 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, வேறொரு அரிய புற்றுக்கு. இரைப்பைப் புற்றுக்குக் குரோமாட்டின் மருந்து எதுவும் வழக்கமான சிகிச்சையாக இன்னும் நிலைபெறவில்லை. காரணத்தை ஊகிக்கலாம். ஈரலை ஈரலாக வைத்திருக்கிற புரதத்தைத் தடுத்தால் ஈரல் என்ன ஆகும்?

இதற்கு நேரெதிராக ஒரு பழைய கதை. 1930களில் அமெரிக்க ஆண்களிடையே புற்றுநோய் மரணங்களில் இரைப்பைப் புற்றுதான் முன்னணியில் இருந்தது. பிறகு அது மளமளவென்று சரிந்தது. கிருமியைக் கண்டுபிடிக்கு முன்பே, குரோமாட்டினின் பங்கு யாருக்கும் தெரியு முன்பே. வீட்டில் ஐஸ்பெட்டி வந்தது, உப்பும் புகையும் குறைந்தன, தண்ணீர் சுத்தமானது, ஒரே அறையில் பத்துப் பேர் படுப்பது குறைந்தது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004இலிருந்து மக்கள் எல்லோரையும் பரிசோதித்துக் கிருமிக்கு மருந்து கொடுத்தார்கள். நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக 2021இல் அறிவித்தார்கள். மருந்துக் கம்பெனி தேடும் புரதமும் வேண்டும்தான். வேண்டாமென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் குறி ஏறுவதற்கு முன்பே தடுக்கும் வேலை குழாயடியில் தொடங்குகிறது. குரோமாட்டின் ஆராய்ச்சி சொல்லும் செய்தியே அதுதான்: வாழ்ந்த வாழ்க்கை செல்லுக்குள் பதிகிறது என்றால், வாழ்க்கை நிலைமையைப் பற்றிய கேள்வி உயிரியல் கேள்வியும்தான்.

தோழருக்கு நான் சொன்னது இவ்வளவு விரிவாக இல்லை. "அத்தையோட பயாப்சி ரிப்போர்ட்டை எடுங்க. அதுல டிஃப்யூஸ்னு போட்டிருக்கா, இன்டெஸ்டினல்னு போட்டிருக்கா பாருங்க. டிஃப்யூஸா இருந்து, சின்ன வயசுல வந்திருந்தாலோ, குடும்பத்துல வேற யாருக்கும் வந்திருந்தாலோ, ஜீன் டெஸ்டு பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. இல்லேன்னா மொதல்ல வீட்ல எல்லாரும் கிருமிக்கு டெஸ்டு பண்ணுங்க. அது இருந்தா மாத்திரையிலேயே போக்கலாம். பொண்ணுக்குச் சின்ன வயசுங்கறது நல்லதுதான்."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அத்தைக்கு எழுபத்திரண்டு. வேற யாருக்கும் வரல. கூடப்பொறந்தவங்க ஆறு பேரு. ஒரே குடிசை. தெருக்கோடிக் கெணத்துத் தண்ணிதான் அப்பல்லாம்" என்றார். பிறகு, யாரையோ திருத்துகிற மாதிரி, "கருவாடு வாங்கவே காசில்லாத வீடு தோழர் அது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.